டிக்கியில் கிடக்கும் 46 கிலோ: ஆஃப்-ரோடு வண்டியில் மீட்புக் கருவிகளை எப்படிக் கட்டி வைப்பது?

காட்பாடியில் இருந்து திருப்பதிக்கு ரயிலில் போயிருந்தால் பாகாலா சந்திப்பு உங்களுக்குத் தெரிந்த பெயர்தான். பல காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது. காளஹஸ்தியைத் தொட்டு ஓடும் சுவர்ணமுகி, அதாவது நம்முடைய பொன்முகலி, பாகாலா பக்கத்து மலைகளில்தான் பிறக்கிறது. வருடத்தில் பல மாதம் வெறும் மணல். ஆனால் 2021 நவம்பர் மழையில் அதே ஆறு கரையைத் தாண்டியது.

மணல், செம்மண் சேறு, மலைப்பாதை என மூன்றும் ஒரே வட்டாரத்தில் கிடைப்பதால், சென்னை, வேலூர், பெங்களூருவில் இருந்து தார், ஜிம்னி, கூர்க்கா வைத்திருப்பவர்கள் வார இறுதியில் இந்தப் பக்கம் வருகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் மீட்புக் கருவிகளோடுதான் வருகிறார்கள். நல்ல பழக்கம். கேள்வி ஒன்றுதான்: அந்த இரும்பெல்லாம் வண்டிக்குள் எங்கே, எப்படி இருக்கிறது?

பலருடைய பதில்: "டிக்கியில் ஒரு பையில் போட்டிருக்கேன்." அது ஏன் போதாது என்பதைக் கணக்கோடு பார்க்கலாம்.

மொத்தம் எவ்வளவு எடை?

வழக்கமான ஒரு செட்டின் தோராயமான எடை இது. மாடலுக்கு மாடல் மாறும். உங்களுடையதை ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள்.

- 48 அங்குல ஹை-லிஃப்ட் ஜாக்கி: 13 கிலோ
- இரண்டு இரும்பு ஷேக்கிள், கொக்கி: 3 கிலோ
- வின்ச்சுக்கான கப்பி (ஸ்நாட்ச் பிளாக்): 4 கிலோ
- கைனெட்டிக் கயிறு: 3 கிலோ
- இழுவைப் பட்டை: 2 கிலோ
- மணலில் டயருக்கு அடியில் வைக்கும் டிராக்‌ஷன் போர்டு, ஒரு ஜோடி: 7 கிலோ
- 10 மி.மீ. இரும்புச் சங்கிலி, 3 மீட்டர்: 7 கிலோ
- மண்வெட்டி: 2 கிலோ
- டயர் காற்றடிக்கும் கம்ப்ரெசர்: 5 கிலோ

கூட்டினால் 46 கிலோ. ஏறக்குறைய ஒரு மூட்டை சிமென்ட்.

பின் சீட் தடுத்துவிடாதா?

ஓரளவுக்குத் தடுக்கும். ஐ.நா. வாகன விதி எண் 17-ல் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. தலா 18 கிலோ எடையுள்ள இரண்டு கட்டைகளை டிக்கியில் வைத்து, மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதினால் எப்படி இருக்குமோ அந்த அதிர்ச்சியைக் கொடுப்பார்கள். சீட்டின் முதுகு குறிப்பிட்ட அளவுக்கு மேல் முன்னே சாயக் கூடாது.

இரண்டு கட்டையும் சேர்ந்து 36 கிலோ. உங்கள் செட் 46 கிலோ. தவிர, சோதனைக் கட்டை 30 செ.மீ. கனசதுரம், அதன் அடி சீட்டில் பரவலாக விழும். ஹை-லிஃப்ட் ஜாக்கியோ நாலடி நீளக் கம்பி, முனை குத்தும். பின் சீட்டை மடித்துவிட்டுச் சாமான் ஏற்றினால் அந்தத் தடுப்பும் கிடையாது.

மோதும்போது என்ன நடக்கிறது?

வண்டி நின்றுவிடும்; கட்டாத பொருள் நிற்காது, அதே வேகத்தில் முன்னே போகும். 50 கி.மீ. வேகத்தில் வரும் பொருளின் தாக்கம், அது சுமார் 10 மீட்டர் உயரத்தில் இருந்து, அதாவது மூன்றாவது மாடியில் இருந்து விழுவதற்குச் சமம். 80 கி.மீ. என்றால் 25 மீட்டர், எட்டு மாடி. 13 கிலோ ஜாக்கியை எட்டாவது மாடியில் இருந்து யாராவது கீழே போட்டால் அந்த இடத்தில் நிற்பீர்களா? பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவர் நிற்கும் இடம் அதுதான்.

கட்டிய பொருளுக்கும் கணக்கு உண்டு. 50 கி.மீ. வேகத்தில் மோதிய வண்டியின் முன்பக்கம் அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நொடியில் சராசரியாக ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல 20 மடங்கு விசையோடு முன்னே இழுக்கும். 46 கிலோ செட், 920 கிலோவாக இழுக்கும்.

இதையே சாதாரண பிரேக்கோடு ஒப்பிடுங்கள். சரக்கு கட்டுவதற்கான ஐரோப்பியத் தரம் 12195, கடும் பிரேக்குக்கு எடையில் 0.8 மடங்கு விசை என்று கணக்கிடுகிறது. 46 கிலோவுக்கு அது 37 கிலோதான். "எவ்ளோ பிரேக் அடிச்சாலும் என் பை நகரவே இல்லை" என்பது உண்மையாக இருக்கலாம். அது 37 கிலோ பரீட்சையில் வாங்கிய பாஸ். அடுத்த பரீட்சை 920 கிலோ.

பைக் கேரியரில் மாட்டும் எலாஸ்டிக் கொக்கிக் கயிறு இந்த இடத்தில் உதவாததற்கும் இதுவே காரணம். அது நீளும், பொருள் நகரும், கடைசியில் கொக்கி நிமிர்ந்து தெறிக்கும்.

முதல் வேலை: எடையைக் குறையுங்கள்

கட்டுவதற்கு முன் கழித்துப் பாருங்கள்.

கம்பெனியில் இருந்து வந்தபடியே பிளாஸ்டிக் பம்பரோடு இருக்கும் வண்டியில் ஹை-லிஃப்ட் ஜாக்கிக்குப் பிடிமானமே கிடைக்காது. அதைச் சுமந்து பயன் இல்லை. வண்டியில் வின்ச் இல்லை என்றால் கப்பிக்கும் வேலை இல்லை. நீண்டு சுருங்கும் கைனெட்டிக் கயிற்றோடு இரும்புச் சங்கிலியைச் சேர்த்து இழுக்கவே கூடாது. அறுந்தால் சங்கிலி பறக்கும். ஆகவே பெரும்பாலானவர்களுக்குச் சங்கிலியும் தேவையில்லை. இரும்பு ஷேக்கிளுக்குப் பதில், உறுதியான செயற்கை நாரில் பின்னிய சாஃப்ட் ஷேக்கிள் சில நூறு கிராம்தான். ஆனால் கூர்மையான விளிம்புள்ள கொக்கியில் அதை மாட்டாதீர்கள், வெட்டுப்படும்.

இந்த நான்கையும் கழித்தால் 46 கிலோ, 20 கிலோவுக்கு இறங்குகிறது. மோதலில் தாங்க வேண்டிய விசையும் 920-ல் இருந்து 400 கிலோவாகக் குறைகிறது. ஒரு ரூபாய் செலவில்லை.

எங்கே வைப்பது?

மூன்று விதி: கீழே, முன்னே, ஒட்டி. தரையோடு தரையாக, பின் சீட்டின் முதுகை ஒட்டி, இடைவெளி இல்லாமல். இடைவெளி இருந்தால் பொருளுக்கு ஓடிவந்து இடிக்க இடம் கிடைத்துவிடும்.

தார், ஜிம்னி இரண்டிலுமே ஸ்டெப்னி பின்கதவில்தான் தொங்குகிறது. அதே கதவில் ஜாக்கியையும் தொங்கவிட்டால் கீல் தளரும். பின் அச்சுக்கு அந்தப் பக்கம் எடை கூடக் கூட முன் சக்கரத்தின் பிடியும் குறையும். கூரைக்கு மேலே கனமான இரும்பு ஏற்றினால் சரிவில் வண்டி கவிழும் வாய்ப்பு கூடும். டிராக்‌ஷன் போர்டு போன்ற லேசானவை மட்டும் மேலே போகலாம்.

ஜிம்னியில் பின் சீட் நிமிர்ந்திருக்கும்போது டிக்கி 208 லிட்டர்தான். இடம் பத்தாது என்பதற்காக ஷேக்கிளை டிரைவர் சீட்டுக்கு அடியில் போடுகிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். இறக்கத்தில் அது உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய் உட்காரும். இருவர் மட்டும் போகிறீர்கள் என்றால், பின் சீட்டில் ஒரு பாதியை மடித்து, முன் சீட்டுக்குப் பின்னால் நான்கு பக்கமும் கட்டுங்கள்.

எப்படிக் கட்டுவது?

முதலில், எல்லாவற்றையும் மூடியுள்ள ஒரே பெட்டிக்குள் அடக்குங்கள். மெல்லிய பிளாஸ்டிக் பெட்டி உடையும். அப்புறம் உள்ளே இருப்பவை தனித்தனியாகப் பறக்கும். கெட்டியான பெட்டி அல்லது தடித்த கேன்வாஸ் பை நல்லது. நீளமான பொருளைத் தனியே, குறுக்குவாட்டில் படுக்கவைத்துக் கட்டுங்கள்.

அடுத்து பட்டை. லாரிக்காரர்கள் பயன்படுத்தும் ராட்செட் பட்டைதான் சரி. அதன் லேபிளில் 'எல்.சி.' என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பக்கத்தில் டெக்கா நியூட்டன் அலகில் ஓர் எண் இருக்கும். ஒரு டெக்கா நியூட்டன் ஏறக்குறைய ஒரு கிலோ விசை. உங்கள் பட்டைகளின் எல்.சி. எண்களின் கூட்டல், கருவிகளின் எடையைப் போல 20 மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். சாய்த்துக் கட்டும்போது வலு குறையும் என்பதால் தாராளமாகவே வையுங்கள். பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் 'அறுபடும் வலு' வேறு. அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

பட்டை போகும் திசையும் முக்கியம். மேலே இருந்து கீழே அழுத்தி மட்டும் கட்டினால் பெட்டியை நிறுத்துவது உராய்வுதான். பெட்டியின் முன்பக்கத்தைச் சுற்றி வந்து பின்னோக்கி இழுக்கும்படி இரண்டு பட்டையும், கவிழ்ந்தாலும் எழும்பாதபடி மேலே இரண்டு பட்டையும் வேண்டும். அடியில் ஒரு ரப்பர் மேட் போடுங்கள்.

கடைசியாக, கட்டும் புள்ளி. சங்கிலியின் வலு அதன் மிக மெலிந்த கண்ணியில் என்பது இங்கேயும் பொருந்தும். வண்டியின் கையேட்டில் சாமான் கட்டும் வளையங்கள் எங்கே, எவ்வளவு தாங்கும் என்று இருக்கிறதா பாருங்கள். பட்டறையில் புதுக் கொக்கி போடுவதாக இருந்தால் மூன்று விஷயம் சொல்லுங்கள்:

- தரைத் தகட்டில் வெறும் போல்ட் போதாது, கிழித்துக்கொண்டு வரும். அடியில் அகலமான இரும்புத் தகடு வேண்டும்.
- துளை போடும் முன், கீழே டீசல் டேங்க், பிரேக் பைப், வயர் இருக்கிறதா என்று படுத்துப் பார்க்க வேண்டும்.
- சீட் பெல்ட் போல்ட்டையும் குழந்தை இருக்கைக்கான வளையத்தையும் தொடக் கூடாது. அவை மனிதர்களுக்கானவை.

சட்டம் என்ன சொல்கிறது?

பட்டை கட்டுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். வண்டியின் அமைப்பை மாற்றினால் கதை வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு அதைக் கட்டுப்படுத்துகிறது. 182ஏ(4) பிரிவின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சீட்டைக் கழற்றிவிட்டு டிராயர் பொருத்த நினைத்தால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் கேளுங்கள்.

இந்த வட்டாரத்துக்கு மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை. பாகாலாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சேஷாசலம் செம்மரக் காடு. தலகோனா, ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. அனுமதி இல்லாத பாதையில் வண்டியை இறக்காதீர்கள். கடத்தல் தடுப்புச் சோதனை நடக்கும் சாலையில், தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியின் டிக்கியில் கோடரியும் ரம்பமும் இருந்தால் கேள்வி வராமல் இருக்காது. இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

சிக்கும்போது கைக்கு எட்ட வேண்டுமே?

நியாயமான கேள்வி. வண்டி மேட்டில் முட்டி நின்றால் பின்கதவு திறக்காமலே போகலாம். ஆகவே கையுறை, டார்ச், சாஃப்ட் ஷேக்கிள் மூன்றையும் ஒரு சிறு துணிப்பையில் போட்டு, முன் கதவு வழியாக எடுக்கும்படி கட்டி வையுங்கள். தீயணைப்பான் டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில், இரும்புத் தாங்கியில் இருக்கட்டும். பெட்டிக்குள் அதிகம் தேவைப்படும் கயிறு மேலேயும், எப்போதாவது தேவைப்படுவது கீழேயும்.

பலர் கோட்டை விடும் இடம்

வீட்டில் இருந்து கிளம்பும்போது எல்லோரும் ஒழுங்காகத்தான் கட்டுகிறார்கள். மணலில் சிக்கி, மீண்டு, உடம்பெல்லாம் சேறாகி, இருட்டும் நேரத்தில் "அப்படியே தூக்கிப் போடு, போகலாம்" என்ற குரல் வரும். ஈரக் கயிறு, மண்வெட்டி, கம்ப்ரெசர் எல்லாம் டிக்கியில் கொட்டப்படும். அடுத்த அரை மணி நேரத்தில் வண்டி சித்தூர் சாலையில் 80-ல் போகும். காட்டுப் பாதையில் உங்கள் வேகம் 10 கி.மீ. மோதலின் ஆபத்து முழுக்க இருப்பது இந்தத் திரும்பும் பயணத்தில்தான்.

அதனால் களைத்த கைகளாலும் ஐந்து நிமிடத்தில் கட்டி முடிக்கும்படி உங்கள் ஏற்பாடு எளிமையாக இருக்கட்டும். சேற்றுக் கயிற்றுக்கு ஒரு தனி ரப்பர் பை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள்; நைலான் ஈரத்தில் வலு இழக்கும், மணல் துகள் நாரை உள்ளிருந்து அறுக்கும்.

தார்ச்சாலையில் ஏறும் முன் வண்டியை ஓரம் கட்டுங்கள். டயரில் காற்றை நிரப்ப எப்படியும் அங்கே நிறுத்தத்தான் போகிறீர்கள். கம்ப்ரெசர் ஓடும் நேரத்தில் ஒருவர் பட்டைகளை இறுக்கட்டும். காற்று நிரம்பியதும் கம்ப்ரெசரையும் உள்ளே வைத்து, கடைசிப் பட்டையைக் கட்டிவிட்டுக் கிளம்புங்கள்.