பிரெட் சாஸ்

பிரெட் சாஸ் பிரிட்டனின் பழமையான தொடுகறிகளுள் ஒன்று. வெங்காயமும் கிராம்பும் மணக்கும் பாலை, காய்ந்த வெள்ளை ரொட்டியின் தூளால் கெட்டியாக்கிச் செய்வது. முழுதாகச் சுட்ட கோழி, வான்கோழி ஆகியவற்றோடும், ஃபெசன்ட், குரௌஸ் போன்ற வேட்டைப் பறவைகளோடும் சூடாகப் பரிமாறுவார்கள். கிறிஸ்துமஸ் விருந்தில் வான்கோழிக்குப் பக்கத்தில் இன்றும் இதற்கு இடமுண்டு.

சுட்ட இறைச்சி ஒவ்வொன்றுக்கும் பிரிட்டிஷ் சமையலில் தனித்தனி துணை உண்டு. மாட்டிறைச்சிக்குக் காரமான ஹார்ஸ்ரேடிஷ், ஆட்டுக்குட்டிக்கு வினிகரில் ஊறிய புதினா, பன்றிக்கு ஆப்பிள். இவை காரத்தாலும் புளிப்பாலும் கொழுப்பின் திகட்டலைப் போக்குகின்றன. பறவைகளின் நிலை வேறு. அவற்றின் நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு. சுடும்போது எளிதில் வறண்டுவிடும். பாலும் வெண்ணெயும் சேர்ந்த மென்மையான சாஸ் அந்த வறட்சியை ஈடுசெய்கிறது.

மாவை வெண்ணெயில் வறுத்துச் சாஸைக் கெட்டியாக்கும் முறை பரவுவதற்கு முன், இடைக்கால ஐரோப்பிய சமையலறைகளில் அந்த வேலையைச் செய்தவை ரொட்டியும் அரைத்த பாதாமும்தான். இங்கிலாந்தின் இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் சமையற்காரர்கள் 1390ஆம் ஆண்டளவில் தொகுத்த ‘தி ஃபார்ம் ஆஃப் கியூரி’யில் ரொட்டியால் கெட்டியாக்கிய சாஸ்கள் இடம்பெறுகின்றன. அந்தப் பழைய முறை பிரிட்டனில் இன்றுவரை வழக்கில் இருப்பது முக்கியமாகப் பிரெட் சாஸில்தான். 1861இல் நூலாக வந்த இசபெல்லா பீட்டனின் குடும்பப் பராமரிப்பு நூலிலும் இதன் செய்முறை உண்டு.

ரொட்டி கெட்டித்தன்மையைத்தான் தரும். சுவை முழுவதும் பாலில் இறங்கும் மணத்தைப் பொறுத்தது. அவசரப்பட்டுச் செய்த பிரெட் சாஸ் வெறும் கஞ்சியாகிவிடுவது இதனால்தான். 600 மி.லி. கொழுப்பு நீக்காத பாலில், பத்துக் கிராம்பு குத்திய ஒரு பெரிய வெங்காயம், ஒரு பே இலை, சில மிளகு, சிறிது ஜாதிபத்திரி ஆகியவற்றைப் போட்டுக் கொதி வரும் தறுவாயில் இறக்கி, மூடி, அரை மணி நேரமாவது விட வேண்டும். கிராம்பை வெங்காயத்தில் குத்துவது பிறகு எடுக்க வசதிக்காக. கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜினால் கொழுப்பில் நன்றாகக் கரையும். கொழுப்பு நீக்கிய பால் இதற்குச் சரிவராது. பே இலையும் நம் கடைகளில் கிடைக்கும் பிரிஞ்சி இலையும் வெவ்வேறு மரத்து இலைகள்; மணமும் வேறு.

வடிகட்டிய பாலில் சுமார் 100 கிராம் ரொட்டித்தூளைத் தூவி, சிறு தீயில் கிளறினால் அது உப்பி, பாலை இழுத்துக்கொள்ளும். ஓரம் நீக்கிய, ஓரிரு நாள் பழசான ரொட்டியே ஏற்றது; புதிய ரொட்டி பசைபோல ஒட்டும். கடைசியில் 50 கிராம் வெண்ணெய், கொஞ்சம் கிரீம், உப்பு, துருவிய ஜாதிக்காய். கரண்டியிலிருந்து மெதுவாக வழியும் பதம் சரியானது. ஆற ஆற இறுகும் என்பதால், பரிமாறும் முன் சூடான பால் விட்டு இளக்குவார்கள். வெந்த வெங்காயத்தைச் சிலர் எறிந்துவிடுவார்கள். கிராம்பை நீக்கி, பொடியாக நறுக்கிச் சாஸிலேயே சேர்ப்பவர்களும் உண்டு.

குரௌஸ் வேட்டைப் பருவம் ஆகஸ்ட் 12இல் தொடங்குகிறது. மரபான குரௌஸ் தட்டில் பிரெட் சாஸுடன், வெண்ணெயில் பொன்னிறமாக வறுத்த ரொட்டித்தூளும் மெல்லிய உருளைக்கிழங்கு வறுவலும் வைப்பார்கள்.