விலைக்கு வாங்கிய வாள்: கெடா சுல்தான்களும் அயலார் படையும்

பழந்தமிழர் கடாரம் என்று அழைத்த கெடா, பதினெட்டாம் நூற்றாண்டில் யானை, வெள்ளீயம், மிளகு, நெல் ஆகியவற்றின் வாணிகத்தால் பொருள் ஈட்டிய சிறிய நாடாகும். சுல்தானுக்காகக் கொள்முதலும் விற்பனையும் நடத்திய அரச வணிகர் பதவி, தமிழகக் கடற்கரையிலிருந்து சென்று குடியேறிய சூலியா முஸ்லிம்களிடம் பல காலம் இருந்தது. பணம் இருந்தும் போதிய படை இல்லாத நிலையில், ஒரு பகைவனுக்கு எதிராக மற்றொரு வல்லவனைப் பணம் கொடுத்துப் போரில் இறக்கும் வழக்கம் அரண்மனையில் வேரூன்றியது.

1720களில் அரியணைக்காக உடன்பிறந்தோர் மோதியபோது ஒருவர் பூகிஸ் வீரர்களையும், மற்றவர் சுமத்திராவிலுள்ள சியாக்கின் அரசர் ராஜா கெச்சிலையும் துணைக்கு அழைத்தனர். பூகிஸ் என்போர் சுலாவெசியிலிருந்து வந்து சிலாங்கூரிலும் ரியாவிலும் வேரூன்றிய கடலோடிப் போர்வீரர்கள். அவர்களுக்கு 15 பஹாரா வெள்ளிப்பணம் பேசப்பட்டதாகத் ‘துஹ்ஃபத் அன்னஃபீஸ்’ என்னும் மலாய் வரலாற்று நூல் கூறுகிறது. பஹாரா என்பது பண்டங்களை நிறுக்கும் பெரிய எடை அளவு. பேசிய தொகையில் பெரும்பகுதி கொடுபடாமல் நின்றது. 1770இல் சிலாங்கூர்ப் பூகிஸ் படை கெடாவைத் தாக்கியபோது அந்தப் பழைய கடனே காரணமாகக் காட்டப்பட்டது.

கடன் கேட்டு வந்தவரை விரட்டச் சுல்தான் முகம்மது ஜீவா மீண்டும் வெளியாரையே நாடினார். சென்னை வணிக நிறுவனம் ஒன்றின் முகவராக வந்த பிரான்சிஸ் லைட்டிடம், சிலாங்கூருக்கு எதிரான படையுதவிக்கு ஈடாக 1771இல் கோலக்கெடாத் துறைமுக வருவாயில் பங்கு தர முன்வந்தார். மறுஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராக மாங்க்டன் சென்னையிலிருந்து வந்தும், பூகிசுடன் போரிடக் கம்பெனி மறுத்ததால் பேச்சு முறிந்தது. ‘சிவிலைசேஷன்’ போன்ற முறைமாற்று வியூக விளையாட்டுகளில், அதாவது ஒருவர்பின் ஒருவராகக் காய் நகர்த்தும் கணினி விளையாட்டுகளில், பொன் கைமாறிய கணமே கணினி அரசன் போர் அறிவித்துவிடுகிறான். கெடாவிலோ விலை பேசியும் கம்பெனி வாளை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

1786 ஆகஸ்டு 11 அன்று பினாங்குத் தீவு லைட் மூலம் கம்பெனியின் கைக்குப் போனபோது, சுல்தான் அப்துல்லா கேட்ட முதன்மையான விலை வெளிப்பகைக்கு எதிரான படைத்துணையாகும். தீவை எடுத்துக்கொண்ட கம்பெனி அந்த வாக்குறுதியை ஏற்கவில்லை. இதை நம்பிக்கைத் துரோகம் என்றே சொல்ல வேண்டும். வெகுண்ட சுல்தான் லானுன் கடற்கொள்ளையரையும் சேர்த்துக்கொண்டு 1791இல் பினாங்குக்கு எதிர்க்கரையான பிறையில் படகுகளைத் திரட்டினார். லைட் முந்திக்கொண்டு தாக்கி அப்படையைச் சிதறடித்தார். அதன்பின் எழுதப்பட்ட உடன்படிக்கையில் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி இடம்பெற்றது, படைத்துணை இடம்பெறவில்லை. 1800இல் எதிர்க்கரை நிலமான செபராங் பிறைக்காக மேலும் 4,000 சேர்ந்தது.

சயாமுக்கோ (இன்றைய தாய்லாந்து) கெடா மூன்றாண்டுக்கு ஒருமுறை ‘புங்கா மாஸ்’ என்னும் திறையை அனுப்பிவந்தது: தங்கத் தகட்டில் இலையும் பூவும் செய்து கோத்த சிறு மரம், உடன் ஒரு வெள்ளி மரம். பர்மாவுடன் மறைவாக உறவாடியதாகக் குற்றம் சாட்டி, 1821 நவம்பரில் சயாம் படை கெடாவுக்குள் புகுந்தது. சுல்தான் அகமது தாஜுதீன் பினாங்குக்குத் தப்பிவந்தார்; கம்பெனி ஒரு சிப்பாயையும் அனுப்பவில்லை. அவர் நாடு திரும்ப 1842 ஆயிற்று.

பினாங்குக்கும் செபராங் பிறைக்குமான அந்த 10,000, மலாயா விடுதலை பெற்ற பிறகும் ரிங்கிட்டாகக் கெடாவுக்குச் செலுத்தப்பட்டு வந்தது. 2018இல் மலேசியக் கூட்டரசு அதை ஆண்டுக்கு 1 கோடி ரிங்கிட்டாக உயர்த்தியது.