அறுபது லட்சமும் ரெண்டு சாவியும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆபீஸ்ல ஆணி அதிகம் என்பது வழக்கமான சாக்கு. உண்மையான காரணம் வேற. இதை எழுதலாமா வேண்டாமான்னு அப்பாகிட்டயே கேட்டேன். ஒரு நாள் முழுக்க யோசிச்சுட்டு, "எழுது. பேங்க் பேரை மட்டும் போடாதே" என்றார். இதோ எழுதிட்டேன்.

எங்கப்பா ஓய்வு பெற்ற ஹெட் கேஷியர். சின்ன வயசுல எனக்கும் தங்கைக்கும் ராஜா ராணி கதையெல்லாம் சொன்னதில்லை. கரண்ட் போன ராத்திரிகள்ல மொட்டை மாடியில பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டு அவர் சொல்ற கதை ஒண்ணே ஒண்ணுதான். நகர்வாலா கதை. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்துல சீனியர்கள் புதுப் பசங்களுக்கு இதைத்தான் முதல்ல சொல்வாங்களாம்.

தெரியாதவர்களுக்காக:

1971 மே 24, திங்கட்கிழமை. டெல்லி பார்லிமென்ட் தெருவில் இருக்கும் ஸ்டேட் பேங்க் கிளை. தலைமைக் காசாளர் வேத் பிரகாஷ் மல்ஹோத்ராவுக்கு ஒரு போன் வருகிறது. பேசுபவர் தன்னை பிரதமரின் செயலாளர் பி.என். ஹக்சர் என்கிறார். அடுத்து ஒரு பெண் குரல் வருகிறது. அது இந்திரா காந்தியின் குரல் என்றே மல்ஹோத்ரா நம்புகிறார். பங்களாதேஷ் சம்பந்தமான ரகசிய வேலைக்கு உடனே 60 லட்சம் ரூபாய் வேண்டும், வெளியே ஒரு ஆள் வருவார், அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அடையாளத்துக்கு ரகசிய வார்த்தைகள் உண்டு. வருபவர் "பங்களாதேஷ் பாபு", இவர் "பார்-அட்-லா".

இப்போ கேட்டா சிரிப்பா இருக்கும். ஆனா தேதியைப் பாருங்க. அந்த மார்ச் மாசம்தான் பாகிஸ்தான் ராணுவம் டாக்காவுக்குள் புகுந்தது. லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். பிரதமர் ஏதோ ரகசியமாகச் செய்கிறார் என்றால் அன்றைக்கு யாரும் நம்பியிருப்பார்கள்.

மல்ஹோத்ரா பெட்டியில் பணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். வாங்கியவர் முன்னாள் ராணுவ கேப்டன் ருஸ்தம் சோராப் நகர்வாலா. "ரசீதைப் பிரதமர் வீட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். மல்ஹோத்ரா பிரதமர் வீட்டுக்குப் போய், அங்கிருந்து பார்லிமென்டுக்குப் போய், கடைசியில் உண்மையான ஹக்சரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அப்படி ஒரு போனே அங்கிருந்து போகவில்லை என்று.

நகர்வாலா அன்றைக்கே பிடிபட்டார். பணமும் கிட்டத்தட்ட முழுசாகக் கிடைத்தது. இந்திராவின் குரலில் பேசியது நான்தான் என்று ஒப்புக்கொண்டார். மூன்றே நாளில் தீர்ப்பு, நாலு வருஷம் சிறை. அப்புறம் அந்த வாக்குமூலத்தை மறுத்தார். வழக்கை விசாரித்த போலீஸ் அதிகாரி காஷ்யப் அதே வருஷம் நவம்பரில் சாலை விபத்தில் இறந்தார். 1972 மார்ச்சில் நகர்வாலாவும் சிறைக் கைதியாக இருக்கும்போதே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். 1977-ல் ஜனதா அரசு ஜகன்மோகன் ரெட்டி கமிஷன் போட்டது. அதற்கப்புறமும் சந்தேகங்கள் தீரவில்லை.

அப்பாவுக்கு இந்த அரசியல் மர்மத்தில் ஆர்வம் கிடையாது. கதை முடிஞ்சதும் அவர் சொல்ற நீதி ஒண்ணுதான். "ஸ்ட்ராங் ரூமுக்கு எதுக்கு ரெண்டு சாவி வெச்சிருக்கான்? ஒண்ணு கேஷியர்கிட்ட, இன்னொண்ணு ஆபீசர்கிட்ட. ரெண்டு பேரும் சேர்ந்து நின்னாத்தான் கதவு திறக்கும். ஒருத்தனுக்குப் புத்தி மழுங்கினா இன்னொருத்தனுக்காவது வேலை செய்யும். ஒரு போனுக்கு அறுபது லட்சத்தைத் தூக்கிக் கொடுத்தவன் கேஷியரா!" அப்புறம் ஒரு சிரிப்பு.

போன வருஷம் ஆடி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, அதே அப்பாவுக்குப் போன் வந்தது.

உங்க நம்பர்ல தப்பான மெசேஜெல்லாம் போயிருக்கு, இன்னும் ரெண்டு மணி நேரத்துல சிம் கட் ஆயிடும் என்று முதலில் ஒருத்தன். அவன் "மும்பை போலீசுக்கு" லைன் கொடுத்தான். அப்புறம் வீடியோ கால். காக்கி யூனிஃபார்ம், பின்னால் அசோகச் சின்னம். உங்க ஆதாரை வெச்சு ஒரு கணக்கு ஆரம்பிச்சு கறுப்புப் பணம் போயிருக்கு, நீங்க டிஜிட்டல் அரெஸ்ட்ல இருக்கீங்க, கேமராவை அணைக்கக் கூடாது, வீட்டுல யார்கிட்டயும் சொல்லக் கூடாது, சொன்னா அவங்களும் குற்றவாளி.

மூணரை மணி நேரம் திருச்சியில எங்க வீட்டு உள் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா கேட்டதுக்கு "பென்ஷன் விஷயம்" என்று பதில். 'சரிபார்ப்புக்காக' முதலில் 90,000 ரூபாய் போனிலேயே அனுப்பிவிட்டார். அடுத்தது ஃபிக்ஸட் டெபாசிட். அந்த ரசீதுகள் பீரோவில். பீரோ சாவி அம்மாவின் இடுப்பில்.

வெளியே வந்து சாவி கேட்டிருக்கார். அம்மா "எதுக்கு?" என்றிருக்காங்க. அப்பாவால் பதில் சொல்ல முடியலை. மறுபடி "எதுக்குங்க?" மறுபடி பதில் இல்லை. கை நடுங்கறதைப் பார்த்துட்டு அம்மா போனைப் பிடுங்கி, அந்தக் காக்கிச் சட்டைக்காரன்கிட்ட அழகான தமிழ்ல, "யாருப்பா நீ? இவர் காலையிலேருந்து சாப்பிடலை. அப்புறம் பேசு" என்று சொல்லிவிட்டுக் கட் பண்ணிட்டாங்க. அவ்வளவுதான். அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது. தெரியாதது எவ்வளவு நல்லதாப் போச்சு!

எனக்கு அம்மாவிடமிருந்து போன் வந்ததும் உடனே 1930-க்கு அடித்துப் புகார் பண்ணினோம். போன 90,000-ல் 52,000 வழியிலேயே முடக்கப்பட்டு, நாலு மாசம் கழித்துத் திரும்பி வந்தது. மிச்சம் போனது போனதுதான்.

இதில் நான் செய்த காரியம் ஒண்ணு இருக்கு. அன்றைக்கு ராத்திரி போனில் அப்பாவிடம், "ஏம்ப்பா, ஒரு ஹெட் கேஷியர் போய் இப்படி..." என்றேன். முழுசாக் கூட முடிக்கலை. அவர் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். மூணு வாரம் என்னிடம் சரியாப் பேசலை. 38,000 ரூபாயை விட அந்த அரை வாக்கியம்தான் அவருக்கு அதிக நஷ்டம்.

அதற்குப் பிராயச்சித்தமாகத்தான் இந்த விஷயத்தின் சரித்திரத்தைத் தோண்ட ஆரம்பித்தேன். புத்தியுள்ள மனுஷன் எப்படி விழுகிறான்னு புரியணும் எனக்கு.

முதலில் தெரிந்தது, இது போனை விடப் பழைய தொழில் என்பது. பிரான்சில் திருடனாக இருந்து போலீஸ் அதிகாரியான விடோக் 1836-ல் எழுதிய புத்தகத்தில் 'ஜெருசலேம் கடிதங்கள்' பற்றிச் சொல்கிறார். எஜமானனின் நகைப்பெட்டியை ஒளித்து வைத்துவிட்டுச் சிறையில் மாட்டிக்கொண்ட வேலைக்காரன் எழுதுவது போல ஒரு கடிதம் வரும். கொஞ்சம் பணம் அனுப்பினால் பெட்டி இருக்கும் இடத்தைச் சொல்வானாம். நூறு கடிதம் போட்டால் இருபதுக்குப் பதில் வரும் என்கிறார் விடோக். பிற்பாடு இதே சரக்கு 'ஸ்பானிஷ் கைதி' என்ற பெயரில் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போனது. அந்தக் கடிதங்களிலும் தவறாமல் இருக்கும் வரி: யாரிடமும் சொல்லாதே.

ஆனால் கடிதத்தில் ஒரு சௌகரியம் உண்டு. படித்துவிட்டு மேஜையில் வைக்கலாம், ராத்திரி தூங்கலாம், பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டலாம். போன் அந்த இடைவெளியை எடுத்துவிட்டது. குரலுக்கு உடனே பதில் சொல்லியாகணும்.

ஆரம்ப கால டெலிபோனில் நடுவில் ஒரு மனுஷி இருந்தார், ஆபரேட்டர். அவரை எடுத்தது யார் தெரியுமா? கான்சஸ் சிட்டியில் சவ அடக்கத் தொழில் செய்த ஆல்மன் ஸ்ட்ரோஜர். தனக்கு வரவேண்டிய கால்களை ஆபரேட்டர் போட்டிக்காரனுக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவருக்குச் சந்தேகமாம். அந்தக் கடுப்பில் ஆள் இல்லாமல் இணைப்புக் கொடுக்கும் கருவியைக் கண்டுபிடித்து 1891-ல் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருஷமே இண்டியானாவின் லா போர்ட்டில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்தது. நம்ம ஊரில் 1960-ல் லக்னோ - கான்பூர் இடையே முதல் எஸ்.டி.டி. வந்தது. டிரங்க் கால் புக் பண்ணிக் காத்திருக்கும் காலம் மெல்ல முடிந்தது. நல்லதுதான். கூடவே, 'யார் கூப்பிடறாங்க' என்று தெரிந்த மூணாவது ஆளும் போயிட்டார்.

அந்த இடத்தை நம்பர் காட்டும் வசதி நிரப்பும்னு நினைச்சோம். பொட்டி தட்டுறவன் என்ற முறையில் சொல்றேன், அதைப் பெரிசா நம்பாதீங்க. டெலிபோன் நிறுவனங்கள் ஒன்றோடொன்று பேசும் எஸ்.எஸ்.7 முறை 1970-களில் உருவானது. உள்ளே இருப்பவர்கள் எல்லாம் யோக்கியர்கள் என்ற எண்ணத்தில் கட்டிய வீடு அது. பிறகு இன்டர்நெட் வழியாகப் போன் பேசும் வசதி வந்தது, வாசல் பெருசாச்சு. உங்க திரையில் தெரியும் நம்பர், தபால் உறையில் 'அனுப்புநர்' என்று எழுதற மாதிரி. எழுதறவன் என்ன வேணா எழுதலாம். வெளிநாட்டிலிருந்து இந்திய நம்பர் வேஷத்தில் வரும் கால்களைத் தடுக்க 2024 அக்டோபரில் தொலைத்தொடர்புத் துறை ஒரு ஏற்பாடு செய்தது. முதல் 24 மணி நேரத்தில் பிடிபட்டவை மட்டும் 1.35 கோடி கால்கள்!

அப்பா கேட்ட வசனம் எங்கே ஒத்திகை பார்த்தது என்று தேடினால், அது நம்ம வீட்டுக்குள்ளேயே போய் முடிகிறது. 2016 அக்டோபரில் தானே பக்கம் மீரா ரோட்டில் போலீஸ் சில கால் சென்டர்களுக்குள் புகுந்தது. உள்ளே நம்ம பையன்கள், அமெரிக்கப் பெயர்களில், அமெரிக்க வருமான வரி அதிகாரிகளாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வரி பாக்கி, வாரண்ட் ரெடி, போலீஸ் வருது, பணம் கட்டும் வரை லைனை வைக்காதே. கிஃப்ட் கார்டுகளாக வசூல். குறைந்தது 15,000 பேர் ஏமாந்தார்கள் என்றது அமெரிக்க நீதித்துறை. அன்றைக்கு நம்மில் பல பேர் அதை ஜோக்காகத்தான் பகிர்ந்துகொண்டோம். (நானும்தான்.) ஏமாந்ததில் யாரோ ஒருத்தருடைய அப்பாவும் இருந்திருப்பார்.

அடுத்த கட்டம் இன்னும் மோசம். 2022-ல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன நம்ம இளைஞர்கள் மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டார்கள். முள்வேலிக்குள் வைத்து இதே மோசடி வேலை செய்ய அடித்தார்கள். மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பையன்களும் உண்டு. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் 1,00,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-ல் சொன்னது. என் வயசு, என் படிப்பு. அந்தப் பக்கம் போனைப் பிடித்தவன் கழுத்தில் இன்னொருத்தன் கத்தி வைத்திருந்தானோ என்னவோ.

முட்டாள்கள்தான் விழுவார்கள் என்பவர்களுக்கு: 2024 ஆகஸ்டில் வர்த்தமான் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலையே ரெண்டு நாள் வீடியோவில் உட்காரவைத்தார்கள். போலி உச்ச நீதிமன்றம், போலித் தலைமை நீதிபதி, நிஜமான 7 கோடி. அதில் 5.25 கோடி திரும்பக் கிடைத்தது. அந்த ஒரு வருஷத்தில் இணைய மோசடிகளில் நாடு இழந்தது சுமார் 22,845 கோடி என்று அரசே பார்லிமென்டில் சொன்னது. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் அரெஸ்ட் வழக்குகளை சி.பி.ஐ. விசாரிக்கச் சொன்னது.

இவ்வளவும் படித்துவிட்டுத் திரும்பவும் 1971-க்கு வந்தேன். அப்பா சொல்லாமல் விட்ட ஒரு பகுதி கிடைத்தது. மல்ஹோத்ரா பணத்தோடு போன பிறகு, அதே கிளையில் இன்னொரு துணைத் தலைமைக் காசாளர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு "வவுச்சர் எங்கே?" என்று கேட்டிருக்கிறார். "மல்ஹோத்ரா வந்து தருவார்" என்று பதில். அவர் விடவில்லை. திரும்பக் கேட்டார், மேலதிகாரிகளிடம் சொன்னார், விஷயம் போலீசுக்குப் போனது. பணம் அன்றைக்கே கிடைத்ததில் அந்தக் கேள்விக்கும் பங்கு உண்டு.

ஏமாந்தவர் ஏமாந்தது பேராசையால் இல்லை. முப்பது வருஷம் மேலதிகாரிக்கு "யெஸ் சார்" சொல்லியே பழகிய நாணயமான ஆளுக்குத்தான் இந்த வலை சரியாகப் பொருந்தும். அதனால்தான் ஏமாற்றுகிறவன் முதலில் ரெண்டாவது சாவியைப் பிரிக்கிறான். யாரிடமும் சொல்லாதே என்கிறான். வவுச்சர் கேட்டவரும் "எதுக்குங்க?" என்று கேட்ட எங்கம்மாவும் செய்த வேலை ஒன்றுதான்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது இதை அப்பாவிடம் சொன்னேன். வவுச்சர் விஷயத்தை ரெண்டு தடவை கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "மல்ஹோத்ராவை வேலையை விட்டே அனுப்பிட்டாங்க, தெரியுமா? பாவம்டா" என்றார். அவர் வாயிலிருந்து அந்தப் பெயரோடு "பாவம்" என்ற வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை.

நானும் அந்த அரை வாக்கியத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "விடுடா" என்றார். பீரோ சாவி இன்னும் அம்மாவிடம்தான் இருக்கிறது.

டிஸ்கி: நம்ம நாட்டுச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. எந்தப் போலீசும் வீடியோ காலில் கைது பண்ணாது, பணம் கேட்காது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க, ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். அப்புறம், இன்றைக்கே உங்க அப்பா அம்மாவுக்கு ஒரு போன் போட்டு நகர்வாலா கதையைச் சொல்லுங்க. சிரிக்காமல் சொல்லுங்க.