பெரட்டுக்குப் போனவர்களும் பஸ் ஏறியவர்களும்

இலங்கை மலையகத்துப் பூண்டுலோயா டவுனில் அறுபது வயது தாண்டிய யாரோடு உட்கார்ந்தாலும், தேத்தண்ணி ஆறுவதற்குள் பேச்சு "இந்தக் காலத்துப் புள்ளைங்க" என்ற இடத்துக்கு வந்துவிடும். கொழுந்து பறிக்க மலைக்குப் போக மாட்டேன் என்கிறார்கள், கோயில் கூட்டத்தில் தலைகாட்ட மாட்டேன் என்கிறார்கள், போனைக் கீழே வைப்பதில்லை, வந்த காசு வந்த வழியே போய்விடுகிறது. தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்து இறங்கும் இளையவர்களிடம் கேளுங்கள், அவர்களிடமும் குறைப்பட்டியல் இருக்கிறது. தோட்டத் துரையைக் கண்டால் கைகட்டி நின்றீர்கள், மாதம் தவறாமல் தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டினீர்கள், கடைசியில் தாத்தா பிறந்த அதே லயத்துக் காம்பராவில்தானே இருக்கிறீர்கள் என்பார்கள்.

இரண்டு பக்கத்துப் பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் இரு தலைமுறைக்கும் நடுவில் விழுந்திருக்கும் பெரிய பள்ளம் இந்தப் பட்டியல்கள் எதிலும் இல்லை. உடை, போன், சினிமா, கல்யாணம் என்று எங்கெங்கோ தேடுகிறோம். சேர்ந்து நின்று கேட்கும் பழக்கம் ஒரு தலைமுறையோடு நின்றுபோயிருக்கிறது. அதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அதற்கு முன் மற்ற வேறுபாடுகளையும் பார்த்துவிட வேண்டும், காரணம் அவற்றுக்குள்தான் இருக்கிறது.

முதியவர்களின் நாள், காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் தொடங்கியது. விடியும் முன் எழுந்து, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு, கூடையோடு மலைக்குப் போக வேண்டும். எந்த மலை, எந்த நிரை என்று கங்காணி சொல்வார். கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். நேரம், வேலை, வீடு, மருந்து, பிள்ளை பிறந்த பதிவு, செத்தவருக்குப் பெட்டி வரை எல்லாம் தோட்டத்தின் கையில். அப்படிப்பட்ட வாழ்க்கையில் தனி மனிதன் தனக்கென்று தீர்மானிக்க அதிகம் இல்லை. எனவே அவர்கள் எதையும் கூட்டமாகவே செய்தார்கள். சாவு வீட்டில் லயமே அடுப்பை அணைத்தது. காமன் கூத்துக்கு மாசி மாதத்தில் தோட்டமே கண்விழித்தது. சீட்டுப் பிடித்தார்கள், கைமாற்று வாங்கினார்கள், தீபாவளி முற்பணத்தை எண்ணி வருடத்தைக் கழித்தார்கள்.

இளையவரின் நாள் பஸ்ஸில் தொடங்குகிறது. சாதாரண தரமோ உயர்தரமோ முடித்த கையோடு தெரிந்தவர் ஒருவர் மூலம் கொழும்பில் ஒரு கடை, அல்லது கார்மெண்ட், அல்லது ஹோட்டல். ஊரிலேயே நிற்பவர்கள் லீசிங்கில் ஆட்டோ எடுக்கிறார்கள். படிப்பில் தேறியவர்கள் ஆசிரியர்களாக, கிராம அலுவலர்களாக, தாதியராக வருகிறார்கள். அவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போவதைக் கண்ணால் பார்க்கிறோம். தோட்டப் பாடசாலைகள் 1977இல் அரசின் கைக்குப் போகத் தொடங்கியதன் பலன் அது. ஒரு ஆசிரியர், ஒரு அறை, ஐந்தாம் வகுப்போடு முடிவு என்றிருந்த பள்ளிகளில் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மும்மொழியில் விண்ணப்பம் நிரப்புகிறார்கள்.

இந்த விண்ணப்பத்தைக் கொஞ்சம் கிட்டப் பார்க்க வேண்டும். முன்பு அடையாள அட்டைக்கோ, பிறப்புச் சான்றிதழுக்கோ, சேமலாப நிதிக்கோ (ஈ.பி.எஃப்.) கடிதம் எழுத வேண்டுமென்றால் தோட்டத் தலைவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அவர் எழுதுவார், அல்லது அட்டனில் உள்ள சங்கக் காரியாலயத்துக்கு அழைத்துப் போவார். அந்த உதவிக்கு ஒரு விலை இருந்தது. வாக்கு, சந்தா, விசுவாசம். ஆனாலும் அந்த வாசலில் நின்றபோது பக்கத்தில் இன்னும் பத்துப் பேர் அதே கடிதத்துக்காக நின்றார்கள். என் பிரச்சினை உன் பிரச்சினையும்தான் என்பது அங்கே தெரிந்துபோகும். இன்று பேத்தி போனிலேயே எல்லாவற்றையும் முடிக்கிறாள். யாரிடமும் கெஞ்சத் தேவையில்லை. அது பெரிய விடுதலை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவள் பக்கத்தில் நிற்க யாருமில்லை.

காசு விஷயத்தில் முதியவர்கள் சிக்கனம், இளையவர்கள் ஊதாரி என்பதை நான் ஏற்க மாட்டேன். சேமிக்கக் காசு இருந்ததா என்று கேட்டால் எந்த அம்மாயியும் சிரித்துவிடுவார். பல வீடுகளில் பெண் பறித்த கொழுந்துக்கான சம்பளத்தைக் கணவன்தான் கைநீட்டி வாங்கினான். ஒரே நாள் வேலைக்குப் பெண்ணுக்கு ஆணை விடக் குறைந்த சம்பளம் என்ற அநியாயம் 1984 வரை நீடித்தது. இன்று தைத்த காசு தன் வங்கிக் கணக்கில் விழுவதைப் போனில் பார்க்கும் பெண், அம்மா பட்டதை ஒரு நாளும் பட மாட்டாள். இந்த ஒரு மாற்றத்துக்காகவே இளைய தலைமுறையை நான் கொண்டாடுவேன்.

மலைக்குப் போக மறுப்பதும் சோம்பலால் அல்ல. அது கணக்கு. நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது 2021இல், 1,350 ஆனது 2024 செப்டம்பரில். அதிலும் முழு நாளும் மழையில் அட்டைக் கடியோடு நின்று கிலோ நிரப்ப வேண்டும், அதன் பிறகும் "தோட்டக்காட்டான்" என்ற பேச்சைக் கேட்க வேண்டும். மகன் கவ்வாத்துக் கத்தியைத் தொடக்கூடாது என்று நேர்ந்துகொண்டவர்களே இந்தத் தாய்தகப்பன்கள்தான். பிள்ளைகள் செய்தது அந்த வேண்டுதலை நிறைவேற்றியதுதான். பிறகு பெற்றவர்களே அதைக் குறையாகச் சொன்னால் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

இனி சங்கம். இங்கே நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

மலையகத்தில் சங்கம் என்பது காரியாலயமும் ரசீதுப் புத்தகமும் மட்டுமாக இருந்ததில்லை. சங்க முன்னோடிகளான நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சியம்மாளும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசியும் பாடியும் 1930களில் விதைத்தது அது. 1940இல் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது, அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. நாடற்றவர்களாய் இருந்த காலத்தில் இந்த மக்களுக்கு நாடாளுமன்றம் இல்லை, நிலம் இல்லை, கையில் இருந்தது சங்கம் மட்டும்தான். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தபோது எந்தத் தொழிலாளியையும் யாரும் கேட்கவில்லை. பூண்டுலோயாவில் இன்று எழுபதைத் தாண்டியவர்களில் பலருக்கு, அப்படிப் பிரிந்துபோய்த் தமிழ்நாட்டுக் கூடலூரிலோ கோத்தகிரியிலோ வாழும் ஒரு அக்கா, ஒரு சித்தப்பா இருப்பார். 1977 மே மாதத்தில் தோட்டக் காணிகளை அரசு பிரித்துக் கொடுக்க முயன்றபோது தலவாக்கலை டெவன் தோட்டத்தில் மறித்து நின்ற கூட்டத்தில் சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். தலவாக்கலைப் பக்கத்துக்காரர்களுக்கு அது புத்தகத்தில் படித்த சரித்திரம் அல்ல, அன்று ஓடியவர்களும் நின்றவர்களும் இன்னும் இருக்கிறார்கள்.

சங்கங்கள் பின்னர் என்ன ஆயின என்பதும் எல்லோருக்கும் தெரியும். கட்சிகளாகின, கட்சிகள் உடைந்து இன்னும் சங்கங்களாகின. ஒரே லயத்தில் மூன்று கொடி பறந்தது. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், மேடையில் இருப்பவர்கள் ஆண்கள். சந்தா மட்டும் சம்பளத்தில் தவறாமல் வெட்டப்பட்டது. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளை சங்கம் என்ற சொல்லைக் கேட்டால் முகம் சுளிக்கிறது. சுளிக்க நியாயம் இருக்கிறது. முதியவர்கள் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் இளையவர்களுக்குச் சேரத் தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. 2018 அக்டோபர் 24ஆம் தேதி கறுப்பு உடையோடு காலிமுகத்திடலில் கூடிய ஆயிரக்கணக்கானோர் யார்? கொழும்பில் கடைகளிலும் கம்பனிகளிலும் வேலை செய்யும் மலையக இளைஞர்கள். அழைத்தது எந்தத் தலைவரும் அல்ல, பேஸ்புக்கில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட செய்திதான். கேட்டது தோட்டத் தொழிலாளிக்கு 1,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம். ஏறத்தாழ இரண்டரை வருடம் பிந்தி, சம்பளச் சபை வழியாக அந்த 1,000 ரூபாய் வந்தது. 2023இல் மலையக மக்கள் வந்து 200 ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களிலும் இளையவர்கள் இருந்தார்கள். அம்மா அப்பாவுக்காக இவர்கள் கூடினார்கள். அதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. அந்த நிறைவிலேயே ஒரு வலியும் இருக்கிறது. அன்று கறுப்பு உடையில் நின்றவர்கள் தங்கள் சொந்தச் சம்பளத்துக்காக, தங்கள் சொந்த வேலை நேரத்துக்காக ஒரு நாளும் அப்படிக் கூடவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற பெண் தொழிலாளி, வயது எழுபதுக்கு மேல், தன் தகர டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். அடியில் பழைய சேலை ஒன்றில் சுற்றி, சேமலாப நிதி அட்டை, சங்கச் சந்தா ரசீதுகள், பிரஜாவுரிமைச் சான்றிதழ், மூன்றும் ரப்பர் நாடா போட்டு வைத்திருந்தார். ஐம்பது வயதில் சேமலாப நிதியை எடுத்துத்தான் மகளுக்குக் கல்யாணம் செய்தாராம். பக்கத்தில் கொழும்புக் கடையிலிருந்து வந்த பேரன்.

"ஒனக்கு ஈ.பி.எஃப். வெட்டுறாங்களாடா?"

"இல்ல அம்மாயி. கையில குடுப்பாங்க, அவ்வளவுதான்."

"கேக்கலயா?"

"கேட்டா நாளைக்கு வராதன்னுருவாங்க."

"நீ மட்டும் கேட்டா அப்படித்தான் சொல்லுவான். எல்லாரும் சேந்து கேளுங்க."

"அதெல்லாம் கொழும்புல நடக்காது அம்மாயி."

எழுத்துக்கூட்டி வாசிக்கும் பாட்டிக்கு இருந்த உரிமை, கணக்கியலில் உயர்தரம் செய்த பேரனுக்கு இல்லை. இரு தலைமுறைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் பார்க்கவில்லை. சட்டத்தில் குறையில்லை. 1958ஆம் ஆண்டு சேமலாப நிதிச் சட்டப்படி தொழிலாளியிடம் 8 வீதம் வெட்டி, முதலாளி 12 வீதம் போட வேண்டும். 1954ஆம் ஆண்டு கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேர வேலை, ஒன்றரை நாள் விடுமுறை, கையில் நியமனக் கடிதம். பேரனுக்கு இதில் எதுவும் தெரியாது. காலை எட்டு மணிக்குக் கடை திறந்தால் இரவு ஒன்பதுக்கு மூடிவிட்டு மாடியிலேயே படுத்துக்கொள்கிறான். வீட்டு வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகளின் நிலை இதைவிட மோசம், சேமலாப நிதிச் சட்டம்கூட அவர்களைச் சேர்க்கவில்லை. 2021 ஜூலையில் கொழும்பில் வீட்டு வேலை செய்த டயகமச் சிறுமி தீக்காயங்களோடு இறந்தபோது மலையகம் முழுவதும் கொதித்தது. அந்தக் கொதிப்பு கோரிக்கையாக மாறி நிலைக்கவில்லை.

ஏன் இந்தப் பழக்கம் கைமாறவில்லை? லயத்தில் சுவர் ஒன்று, குழாய் ஒன்று, துரை ஒருவர். எல்லோருக்கும் எதிரே ஒரே ஆள் நின்றதால் கூட்டம் தானாகவே உருவானது. கொழும்பில் ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் இருபது பேர் இருபது முதலாளிகளிடம் சிதறிக் கிடக்கிறார்கள். வேலை வாங்கிக் கொடுத்தவரே ஊர்க்காரராக இருப்பார், அவர் பேரைக் கெடுக்கக் கூடாது என்ற பயமும் உண்டு. தங்களை விட்டுப் போன பிள்ளைகளைச் சங்கங்களும் மறந்துவிட்டன. தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் பேர் இல்லாதவனிடம் சந்தா வெட்ட முடியாதே.

பூண்டுலோயாவிலேயே இன்னொரு மாற்றமும் நடக்கிறது. டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியோடு கட்டிய 404 வீடுகள் 2018 செப்டம்பரில் கையளிக்கப்பட்டன. ஏழு பேர்ச் காணி, தனித்தனி வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்த இடத்திலிருந்து இது எவ்வளவு தூரம் என்பது வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். லயம் ஒழிய வேண்டும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் உறுதியோடு காணி வேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் லயச் சுவர் போகும்போது அது தந்த கூட்டமும் போகும். அதற்குப் பதிலாக ஒன்றை நாம் தெரிந்தே உண்டாக்க வேண்டும்.

எனவே பூண்டுலோயாவின் பழைய தலைவர்களுக்கும், மாதர் சங்கத்தில் நின்ற அம்மாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் பிள்ளைகள் வந்து இறங்கும்போது போனைப் பற்றித் திட்டுவதை நிறுத்துங்கள். ஒரு சாயங்காலம் கோயில் மண்டபத்தில் உட்கார வைத்து, நீங்கள் எப்படிக் கூடினீர்கள், துரை மிரட்டியபோது யார் முதலில் பேசினார்கள், வேலை நின்ற நாட்களில் அடுப்பு எப்படி எரிந்தது என்று சொல்லுங்கள். சங்கம் எங்கே வழிதவறியது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தம்பி தங்கைகளே, காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போன அதே போனில் எந்தக் கடையில் யார் வேலை செய்கிறோம், யாருக்கு நியமனக் கடிதம் இல்லை, யாருக்கு ஈ.பி.எஃப். இல்லை என்று ஒரு குழு தொடங்குங்கள். 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி இந்த நாட்டில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும்.