கணித எழுத்தில் சொல்லும் குறியும்

கணக்கை எழுதுகையில் எதை வாக்கியமாகச் சொல்வது, எதைக் குறியால் காட்டுவது என்பது எழுதுபவர் எல்லாருக்கும் வரும் கேள்வி. நெடுங்காலம் சொல்லே ஆட்சி செய்தது. 9ஆம் நூற்றாண்டில் அல் குவாரிஸ்மி இயற்கணிதத்தை முழுக்க வாக்கியமாகவே எழுதினார். சமக்குறி 1557இல் ராபர்ட் ரெக்கார்டின் நூலில்தான் அச்சேறியது.

தமிழில் காரிநாயனாரின் கணக்கதிகாரம் விதிகளைச் செய்யுளாகத் தருகிறது. அவற்றில் ஒன்று: அரை விட்டத்தை அரைச் சுற்றளவால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு. மனப்பாடத்துக்கு அது போதும். பரப்பிலிருந்து விட்டத்துக்குப் பின்னோக்கி வரக் குறிதான் கைகொடுக்கும். குறிக்கும் பஞ்சமில்லை: மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) எனப் பல பின்னங்களுக்குத் தனி அடையாளம் இருந்தது. யாழ்ப்பாணத்து விசுவநாதபிள்ளை 1855இல் வெளியிட்ட வீசகணிதம் புதிய இயற்கணிதத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தது.

குறி மட்டும் போதாத இடமும் உண்டு. இலங்கையில் நானுஓயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் கொழுந்து நிறுவையை எடுத்துக்கொள்வோம். நாள் சம்பளம் ச, பறித்தது கி கிலோ, நாளுக்குக் கட்டிய அளவு அ, மேலதிகக் கிலோவுக்கு வி ரூபாய் என்றால்:

கூலி = ச + வி × (கி − அ)

சுருக்கம்தான். ஆனால் அ 18ஆக இருக்க, ஒருவர் 15 கிலோ பறித்தால், இந்தச் சூத்திரம் மூன்று கிலோவின் காசைச் சம்பளத்திலேயே வெட்டிவிடும். "கி, அ-வுக்குக் குறையாதபோது மட்டும்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். குறைந்தால் முழுப் பேரா (முழு நாள் சம்பளமா) அரைப் பேரா, சாக்கு நிறை கழித்த பிறகான கிலோவா என்பதையும் சொல்லால்தான் எழுத முடியும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வாக்குவாதம் கிளம்புவது பெருக்கலில் அல்ல, இந்த நிபந்தனைகளில்தான்.

தமிழுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. "3-ஐ 5-இலிருந்து கழிக்க" என்றாலும் "5-இலிருந்து 3-ஐக் கழிக்க" என்றாலும் விடை ஒன்றே. வேற்றுமை உருபு பொருளைக் காக்கிறது. 5 − 3 என்று எழுதினால் இடமே எல்லாம். அந்த உருபைக் குறியோடு ஒட்டினால் வாசிப்பு தடுக்கும்: 3-ஆல் என்பதைக் கண் "மூன்று ஆல்" என்று பார்க்க, வாய் "மூன்றால்" என்கிறது. 3/4ஐ "நான்கில் மூன்று" என்று கீழிருந்து மேலே படிக்கிறோம். எழுதும்போது கை மேலிருந்து தொடங்குகிறது.