சாளர முறைமைகளும் எல்லைப்புற எழுத்துகளும்: ஓசூரின் மும்மொழிச் சூழலை முன்வைத்து ஓர் ஒப்பீடு

முன்னுரை

பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள ஓசூர், தமிழும் தெலுங்கும் கன்னடமும் அருகருகே வழங்கும் எல்லைப்புற நகரம். அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆகியவற்றின் ஆலைகள் இங்கு அமைந்த 1980களில்தான் உலக அளவில் வரைகலைச் சாளர முறைமைகளும் உருப்பெற்றன. சாளரம் எழுத்தின் தோற்றத்தை மேம்படுத்தியது. ஆயினும் எழுத்தின் அடையாளத்தைக் காக்க அதற்கு நெடுங்காலம் தேவைப்பட்டது. மும்மொழி எல்லைப்புறத்தின் தேவையை அளவுகோலாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

மூன்று கட்டமைப்புகள்

ஜெராக்ஸ் ஸ்டார் (1981) சாளரம், படவுரு, சுட்டி ஆகியவற்றை வணிகக் கணினிக்குக் கொணர்ந்தது. 1984இல் வெளிவந்த மெக்கின்டாஷில் நிரலும் காட்சியும் ஒரே கணினிக்குள் அடங்கின. டாஸின் மேல் இயங்கிய விண்டோஸ் 1.0 (1985) சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் பக்கம் பக்கமாகவே வைத்தது. ஒன்றையொன்று மறைக்கும் சாளரங்கள் 1987இல் இரண்டாம் பதிப்பில் வந்தன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1984இல் தொடங்கிய எக்ஸ் முறைமை, 1987இல் பதினொன்றாம் பதிப்பை எட்டிப் பணிநிலையக் கணினிகளில் பரவியது. இதில் நிரல் ஒரு கணினியிலும் காட்சி வேறொரு கணினியிலும் இயங்கலாம். எழுத்துரு காட்சி வழங்கியின் பக்கம் இருந்தமையால், அங்கு அவ்வெழுத்துரு இல்லையெனில் பனுவலை உரியவாறு காட்ட இயலாது.

குறியீடும் வடிவமும்

இம்மூன்றின் தொடக்க வடிவங்களும் ஒரு குறியீட்டுக்கு ஒரு வடிவம் என்னும் இலத்தீன் எழுத்து மரபையே அடிப்படையாகக் கொண்டன. ‘கொ’ என்பதில் ஓர் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. எனவே கொம்பு, ககரம், கால் என மூன்று வடிவங்களாக அதனைச் சேமிக்க நேர்ந்தது. 1992இல் விண்டோஸ் 3.1 ட்ரூடைப் எழுத்துருக்களை ஏற்றபின் இலத்தீன் இடங்களில் இந்திய வடிவங்களைப் பொருத்துவது எளிதாயிற்று. ஒரே குறியீடு ஓர் எழுத்துருவில் தமிழாகவும் மற்றொன்றில் கன்னடமாகவும் தோன்றியது. எழுத்துருவை மாற்றினால் பனுவலே சிதைந்தது. தேடலும் அகரவரிசையும் பொருளிழந்தன.

இதற்கு முன்பே மாற்று வழி ஒன்று இருந்தது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிப் பின்னர் சி-டாக் நிறுவனம் வளர்த்த ஜிஸ்ட் அட்டை, டாஸின் உரைத்திரையில் இஸ்கி குறியாக்கத்தைக் கையாண்டது. இஸ்கி 1991இல் இந்தியத் தர நியமமாயிற்று. ஒருமுறை உள்ளிட்ட பெயரை மூன்று எழுத்துகளிலும் காட்ட அது இடமளித்தது. எனினும் அதற்கும் எல்லை உண்டு. தமிழில் ‘கோபால்’ என உள்ளிட்டதைக் கன்னடத்தில் காட்டினால், ககரமும் பகரமும் ஒலிப்பிலா ஒலிகளாகவே நிற்கும். ஆயினும் பனுவல் பனுவலாகவே எஞ்சியது. உரைத்திரையை நம்பிய அவ்வட்டையின் வழிமுறை வரைகலைத் திரைக்குப் பொருந்தவில்லை.

ஒருங்குறியின் வருகை

இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைத் தழுவியே ஒருங்குறியில் இந்திய எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. அவற்றை முறைப்படி காட்டும் திறன் தாமதமாகவே வந்தது. விண்டோஸ் 2000 தமிழை ஏற்றது. கன்னடமும் தெலுங்கும் 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வழியாகவே இடம்பெற்றன. ஓசூரின் மும்மொழித் தேவையை அளவுகோலாகக் கொண்டால், 2000ஆம் ஆண்டின் சாளரமும் முழுமையற்றதே. எக்ஸ் முறைமையிலும் எழுத்துருக் கையாளுதல் வழங்கியிலிருந்து நிரலின் பக்கத்துக்கு நகர்ந்த பின்னரே இந்திய எழுத்துகளின் சேர்க்கை விதிகளைச் செவ்வனே கையாள வழி பிறந்தது.

முடிவுரை

சாளர முறைமைகளை வேகம், தோற்றம், விலை ஆகியவற்றைக் கொண்டு ஒப்பிடுவதே வழக்கம். எழுத்தறிவு எங்கு வைக்கப்பட்டது என்னும் வினா, இந்திய மொழிச் சூழலில் அவற்றினும் முதன்மையானது. 1990களில் எழுத்துருக் குறியாக்கத்தில் உருவான ஆவணங்கள், உரிய எழுத்துருவோ மாற்று அட்டவணையோ இன்றி இன்று படிக்க இயலாதவை. ஆகவே, எல்லைப்புற மாவட்டங்களின் அண்மைக்கால வரலாற்றைத் தொகுப்போர், கோப்புகளுடன் அக்கால எழுத்துருக்களையும் சேர்த்துப் பாதுகாத்தல் இன்றியமையாதது.