கைவினைப் பொருளின் விலையும் கணக்கில் ஏறாத உழைப்பும்

கைத்தறிப் புடவையொன்றின் விலையை நிர்ணயிக்கையில், பட்டு, சரிகை, சாயம், கூலி, வியாபாரியின் லாபம் ஆகியவற்றைக் கூட்டிக் காட்டுவது வழக்கம். இவற்றுள் முதல் மூன்றும் ரொக்கம் கொடுத்து வாங்கப்படுவன ஆதலால், சந்தையில் அவற்றின் விலை ஏறியவுடன் கணக்கிலும் ஏறிவிடுகிறது. கூலி ஒன்றே, மற்றவை போக எஞ்சியதற்குள் அடங்கிக்கொள்ளுமாறு செய்யப்படுகிறது. நியாய விலை வேண்டுமாயின் இவ்வரிசையைத் தலைகீழாக்கி உழைப்பவரின் ஜீவனத்திலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும் என்பதும், உழைப்பவர் எத்தனை பேர் என்பதைத் தீர்மானிக்காமல் அதைத் தொடங்கவே இயலாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவை, உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாக, ஊடை இழைகள் கரையோரத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும்படி மூன்று நாடாக்களால் நெய்யப்படுவது. ஒருபுறத்துக் கரை நாடாவை எறிவதற்கு நெசவாளர் பக்கத்தில் மற்றொருவர் உட்கார வேண்டும். அவர் பெரும்பாலும் மனைவியோ பிள்ளையோ ஆவார். அதற்கு முன்னரே பாவை நீட்டி அறுந்த இழைகளை முடிந்தாக வேண்டும்; ஊடைக்குத் தார் சுற்றியாக வேண்டும்; முந்தானைக்குப் பாவின் நிறம் மாறுமாயின், ஆயிரக்கணக்கான இழைகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பிணைக்கும் பிட்னி வேலை வேறு. புடவைக்கு இவ்வளவு என்று பேசப்பட்ட கூலியோ ஒருவர் பெயரிலேயே பற்றெழுதப்படுகிறது. மழையில் தறிக்குழியில் நீர் ஊறி வேலை நின்ற நாட்களும், ஒரு பாவு முடிந்து மறு பாவு வரும்வரை காத்திருந்த நாட்களும் எந்தக் கணக்கேட்டிலும் இல்லை. வீட்டோடு செய்கிற வேலைதானே என்று இவற்றைத் தள்ளுபவர்கள், ஆலையில் தார் சுற்றும் தொழிலாளிக்குத் தனிச் சம்பளம் உண்டு என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

கணக்கைத் தலைகீழாக்கும் முயற்சி இந்நாட்டிற்குப் புதிதன்று. 1925ல் நிறுவப்பட்ட அகில இந்திய சர்க்கா சங்கம் கதரை மலிவாக்குவதிலேயே கருத்தாயிருக்க, நூற்கும் பெண்களின் அற்பக் கூலியைப் பொறாத காந்தியடிகள், 1935ல், எட்டு மணி நேர நூற்பிற்கு எட்டணா என்னும் லட்சியத்தை முன்வைத்தார். சங்கம் அதனினும் மிகக் குறைந்த தொகையிலிருந்தே தொடங்கிற்றெனினும், ஜீவனத்துக்கு இன்றியமையாததைக் கொண்டு கூலியை வகுக்கும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. விலை ஏறினால் விற்பனை குறையும் என்ற ஆட்சேபம் அன்றே எழுந்தது. அந்த அச்சம் ஆதாரமற்றதென்று சொல்வதற்கில்லை. ஆயினும் மலிவு விலைக்கும் உண்மை அடக்கத்துக்கும் இடையிலுள்ள பற்றாக்குறை எங்கோ மறைந்துவிடுவதில்லை; அதை நூற்பவள் தன் உணவைக் குறைத்து ஈடுகட்டுகிறாள் என்பதே என் அபிப்பிராயம்.

1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில ரகங்களை விசைத்தறியினின்று காக்க முனைந்தது. கூலியைப் பற்றி அது பேசவில்லை. எனவே விலையை வகுக்கும் பொறுப்பு கூட்டுறவுச் சங்கங்களையே சாரும். அவை ஒரு பாவுக்கு வீட்டிலுள்ளோர் அனைவரும் செலவிட்ட நேரத்தைப் பதிவு செய்யலாம். அதில் அதிவேகக்காரரின் நேரத்தை அளவையாகக் கொண்டால் மற்றவர் நஷ்டப்படுவர் ஆதலின், நடுத்தரத் திறனுடையவரின் நேரமே அளவையாதல் வேண்டும். தார் சுற்றியவளின் பங்கு அவள் பெயரிலேயே பற்றாக வேண்டும்.